மாத்திரைக்கு முன்னால் ஓர் ஊசி

(குழந்தைகளின் மூட்டுச் சீழ் பற்றிச் சென்னிமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள், "குழந்தைங்க மூட்டு வலியைப் பத்திப் பொதுவாச் சொல்லுங்க" என்றார்கள். பொதுவாகச் சொன்னால் பொதுவாகவே மறந்துபோகும். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். குழந்தையின் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் எலும்பு டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். குழந்தையின் முகத்தை நாங்கள் பார்ப்பது அபூர்வம். அதன் மூட்டிலிருந்து எடுத்த நாலு சொட்டு நீரைத்தான் பார்ப்போம். அந்த நாலு சொட்டு எங்கள் மேசைக்கு வருவதற்குள் அதன் தலையெழுத்து பாதிக்கு மேல் எழுதி முடிந்திருக்கும். யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், எந்தப் பாட்டிலில் போட்டார்கள், அதற்கு முன்னால் குழந்தை என்ன மருந்து குடித்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் எங்கள் ரிப்போர்ட். இன்றைக்கு என் பேச்சு அதைப் பற்றித்தான்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் அப்பா. பக்கத்தில் அம்மா தார் சுற்றிக்கொண்டிருக்கிறார். மூன்று வயதுப் பையன் காலையில் எழுந்ததிலிருந்து வலது காலை ஊன மாட்டேன் என்கிறான். தூக்கினால் வீறிடுகிறான். கிடத்தினால் இடுப்பை மடக்கி, தொடையை வெளிப்பக்கமாகச் சாய்த்துவைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறான். அமுச்சி சொல்கிறார்: "நேத்துத் திண்ணையில இருந்து குதிச்சானில்ல, சுளுக்குங் கண்ணு. எண்ணெய் வெச்சு நீவுனாச் செரியாப் போயிரும்." மேல் சுடுகிறது. "நெறி கட்டியிருக்கும், அதுக்குத்தான் காய்ச்சல்." சாயங்காலம் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் சிரப்பு ஒன்று வாங்குகிறார்கள். இரண்டு நாள் காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கிறது. அஞ்சாம் நாள் பெருந்துறைக்கோ ஈரோட்டுக்கோ ஓடுகிறார்கள்.

இது ஒரு குடும்பத்தில் நடந்ததில்லை, நானாக அடுக்கியது. ஆனால் இந்த அடுக்கில் எதுவும் உங்களுக்குப் புதிதில்லை என்று உங்கள் முகங்களே சொல்கின்றன.

அமுச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவர் சொல்வது பலித்துவிடும். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும் உள்ள குழந்தைகள் சளி, காய்ச்சல் வந்துபோன கையோடு இடுப்பு வலி என்று நொண்டுவது சாதாரணம். மூட்டின் உள்ளுறை கொஞ்சம் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் தானாக வடிந்துவிடும். அதற்கு ஓய்வும் வலி மருந்தும் போதும். சிக்கல் என்னவென்றால், தானாக வடியப்போகிற அந்த நீரும் காலைக் காவு வாங்கப்போகிற சீழும் முதல் நாள் ஒரே வேஷத்தில்தான் வருகின்றன. நொண்டலும் அழுகையும் இரண்டுக்கும் உண்டு. ஸ்கேன் எடுத்தாலும் இரண்டிலும் நீர் தெரியும். அந்த நீர் தெளிந்ததா சீழா என்று ஸ்கேன் சொல்லாது. எக்ஸ்-ரே முதல் சில நாள் ஒன்றுமே காட்டாது. "எக்ஸ்-ரே எடுத்தாச்சுங்க, எலும்பு நல்லா இருக்குதாம்" என்று நிம்மதியாகத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மூட்டுக்குள் கிருமி பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகத்தான் வருகிறது. தோலில் ஒரு சிரங்கோ, சொறிந்த புண்ணோ, தொண்டைப் புண்ணோ போதும். எங்கே நுழைந்தது என்று கடைசிவரை தெரியாமலே போவதும் உண்டு. முழங்காலும் இடுப்பும்தான் அதிகம் மாட்டுகின்றன. உங்கள் மலையில் அரங்கேறியதாக நீங்கள் சொல்லும் கந்த சஷ்டி கவசம் தொடையையும் முழந்தாளையும் பேர் சொல்லிக் காக்கக் கேட்கிறது. எங்களை அதிகம் பயமுறுத்துவது தொடையின் மேல்முனையில் இருக்கும் இடுப்புப் பந்து. அது ஆழத்தில் இருக்கிறது. வீக்கம் வெளியே தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் உறை இறுக்கமானது. உள்ளே சீழ் சேரச் சேர அழுத்தம் ஏறும். பந்துக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அந்த உறைக்குள்தான் ஓடுகின்றன. அவை நசுங்கினால் பந்து பட்டினி கிடந்து சாகும். இன்னொரு பக்கம், கிருமியும் அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்களும் கக்குகிற நொதிகள் குருத்தெலும்பை அரிக்கின்றன. விலங்குகளிடம் செய்த சோதனைகளில் இந்த அரிப்பு மணிக்கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது. நாலைந்து நாள் தாண்டிச் சீழை வெளியேற்றினால் பலன் மோசம் என்பது உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் கண்டது.

1874-ல் லண்டன் புனித பர்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்மித், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் மூட்டுச் சீழைப் பற்றி எழுதினார். ஆன்டிபயாட்டிக் என்ற எண்ணமே இல்லாத காலம். பல குழந்தைகள் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு இடுப்புப் பந்து கரைந்துபோய், கால் குட்டையாகி, ஆடி ஆடி நடக்கிற நடை மிஞ்சியது. இன்றைக்கும் அப்படிக் கரைந்துபோன இடுப்பை அவர் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். நூற்றைம்பது வருஷம் ஆகியும் அந்தப் பெயரைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்க முடியவில்லை. இந்தக் கூட்டத்திலேயே ஒரு கால் குட்டையாக, "சின்ன வயசுல காய்ச்சல் வந்து கால் போச்சுங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கலாம். அவர்களில் சிலருக்கு வந்தது போலியோ. சிலருக்கு வந்தது இதுவாக இருக்கும்.

சரி, சீழ் என்று சந்தேகப்படுவது எப்படி? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மினிந்தர் கோச்சரும் கூட்டாளிகளும் 1999-ல் நாலு கேள்வி வைத்தார்கள். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியதா? நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் அது 101.3. குழந்தை காலை ஊன மறுக்கிறதா? இஎஸ்ஆர் என்ற ரத்தச் சோதனை 40-க்குக் குறையாமல் இருக்கிறதா? ரத்தத்தில் வெள்ளணு 12,000-க்கு மேலா? நாலுக்கும் ஆம் என்றால் இடுப்பில் சீழ் இருக்க 99.6 சதவீத வாய்ப்பு. மூன்று என்றால் 93. இரண்டு என்றால் 40. ஒன்றே ஒன்று என்றால் 3. மருத்துவ மாணவர்கள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. 2004-ல் அதே பாஸ்டனில் புதிய குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது 99.6 என்பது 93 ஆனது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தைகளிடம் பார்த்தபோது 59 ஆகிவிட்டது. ஒரே நாட்டில், ஒரே நாலு கேள்விக்கு! அப்படியிருக்க, டெங்கு, சிக்குன்குனியா, டைபாய்டு எல்லாம் வந்துபோகிற நம் ஊருக்கு அந்தச் சதவீதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. 2006-ல் பிலடெல்பியாவில் இன்னொரு குழு சிஆர்பி என்ற ரத்தச் சோதனையையும் சேர்த்தது. அது நல்ல சேர்க்கை. சிஆர்பி சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும்; இஎஸ்ஆர் மெதுவாக ஏறி, இறங்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் சந்தேகத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான் உதவும். முடிவு சொல்ல மூட்டு நீர் வேண்டும்.

ஊசி என்றதும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டீர்கள். பயம் நியாயம்தான். முழங்காலில் எடுப்பது எளிது. மரத்துப்போக மருந்து கொடுத்தோ, கொஞ்சம் தூங்கவைத்தோ எடுத்துவிடுவார்கள். இடுப்பில் கண்ணை மூடிக்கொண்டு குத்த முடியாது. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும், அல்லது ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். சீழ் வந்தால் அங்கேயே திறந்து கழுவிவிடுவார்கள். எடுப்பதற்கு முன்னால் டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் குடும்பத்தில் ஆண் பிள்ளைகளுக்கு ரத்தம் உறையாத நோய் இருக்கிறதா? தாய்மாமனுக்குப் பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் போனதா? ஹீமோபீலியா உள்ள குழந்தைக்கும் மூட்டு இப்படித்தான் வீங்கும். உள்ளே சேர்ந்திருப்பது ரத்தம். தெரியாமல் ஊசி குத்தினால் விபரீதம்.

"நீர் எடுத்தாக் கால் வளராமப் போயிருமாங்க?" என்று கேட்கிறார்கள். போகாது. ஊசி போவது மூட்டின் வெற்றிடத்துக்குள். எலும்பு வளர்கிற இடத்தைக் கெடுப்பது சீழ்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். செவிலியர்களும் லேப் டெக்னீசியன்களும் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

நல்ல மூட்டு நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். கண்ணாடிக் குழாயில் பிடித்து, பின்னால் பத்திரிகையை வைத்தால் எழுத்தைப் படிக்கலாம். சிரிஞ்சின் நுனியிலிருந்து மெதுவாகச் சொட்டவிட்டால் அறுபடாமல் ஒரு அங்குலத்துக்கு மேல் இழை நீளும். கஞ்சி போட்ட பாவு நூலை விரலில் இழுத்துப் பார்க்கிற நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீழ் பிடித்த நீர் கலங்கியிருக்கும், இழை நீளாமல் வெறும் தண்ணீராகச் சொட்டும். வழுவழுப்பைத் தருகிற பொருளைக் கிருமியும் வெள்ளணுவும் தின்றுவிட்டதற்கு அது அடையாளம். இதைப் பார்க்க மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். வேறு வாத நோய்களிலும் நீர் கலங்கும்.

பிறகு பாட்டில்கள். ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாய் வெள்ளணு எண்ணுவதற்கு. சாம்பல் மூடி சர்க்கரை பார்ப்பதற்கு. கிருமி நீக்கிய வெறும் பாட்டில் கிராம் சாயத்துக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும். இவற்றோடு, குழந்தைகளுக்கென்று வரும் ரத்தக் கல்ச்சர் பாட்டில் ஒன்று. அதில் மூட்டு நீரையே நேராக ஊற்ற வேண்டும். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பெரியவர் முழங்காலில் சிரிஞ்சு நிறைய வரும். இரண்டு வயதுக் குழந்தையின் இடுப்பில் அரை மில்லி வந்தால் பெரிது. எல்லாப் பாட்டிலையும் நிரப்ப முடியாது. அப்போது எதற்கு முதலிடம்? என்னைக் கேட்டால் கல்ச்சர் பாட்டிலுக்கு. அடுத்து ஒரு ஸ்லைடு. மிச்சமிருந்தால் எண்ணிக்கை. சர்க்கரையை விட்டுவிடலாம். ஊசி முனையில் தொங்கும் கடைசிச் சொட்டுகூட ஒரு ஸ்லைடுக்குப் போதும். அதைக் குப்பைத்தொட்டியில் போடுவது எனக்குப் பொறுக்காது.

நீரே வராவிட்டால், "ஒண்ணுமில்லை" என்று எழுதிவிடக் கூடாது. சீழ் கெட்டியாக இருந்தால் மெல்லிய ஊசியில் ஏறாது. ஊசி மூட்டுக்குள் போகவே இல்லை என்றாலும் வராது. சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி, வேறு வழியில் எடுக்க வேண்டும்.

மாதிரி கெட்டுப்போகிற விதங்களைச் சொன்னால் இன்றைக்குப் பொழுது போதாது. சதைத் துண்டுக்கு வைத்திருக்கும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பினால் கிருமி அந்த நிமிஷமே செத்துவிடும். நீரைப் பஞ்சுக் குச்சியில் ஒற்றி அனுப்பினால் பஞ்சு குடித்தது போக எங்களுக்கு வருவது ஈரம்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் சில கிருமிகள் தாங்காது. வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்து ஊர் சுற்றினாலும் அதே கதை. நேரம் ஆக ஆக வெள்ளணுக்கள் உடைந்து எண்ணிக்கை குறையும். காலையில் சீழ் என்று காட்டியிருக்கக்கூடிய நீர் சாயங்காலம் சாதாரண வாதம் என்று காட்டும். இரவில் எடுத்ததைக் காலை வரை மேசையில் வைத்திருந்து, லேப் திறந்ததும் அனுப்பினால், அந்த எண்ணை நம்பாதீர்கள்.

டெக்னீசியன்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ரத்தத்தில் வெள்ளணு எண்ண நாம் எடுக்கும் கரைசலில் அசெட்டிக் ஆசிட் இருக்கிறது. அதை மூட்டு நீரில் விட்டால் உள்ளே இருக்கும் வழுவழுப்பு திரண்டு கட்டியாகிவிடும். வெள்ளணுக்களும் அதில் மாட்டிக்கொள்ளும். சேம்பரில் பார்த்தால் எண்ணிக்கை சொற்பமாக வரும். சாதாரண சலைனில் கலந்து எண்ணுங்கள். அணுவைப் பிரித்துப் பார்க்கச் சிரமமாக இருந்தால் கொஞ்சம் மெத்திலீன் ப்ளூ சேர்த்துக்கொள்ளலாம். சின்ன விஷயம். இதில் தவறினால் ஒரு குழந்தை "சீழ் இல்லை" என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்விடும்.

எண்ணிக்கை வந்துவிட்டது என்று வைப்போம். எல்லாரும் தேடுகிற எண் 50,000. ஒரு கன மில்லிமீட்டரில் 50,000 வெள்ளணுவுக்கு மேல், அதிலும் முக்கால்வாசிக்கு மேல் நியூட்ரோஃபில் வகை என்றால் சீழ். குறைந்தால் சீழ் இல்லை. பரீட்சைக்கு இது போதும், குழந்தைக்குப் போதாது. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வந்த ஒரு கட்டுரை கணக்குப் போட்டுப் பார்த்தது. உண்மையில் மூட்டுச் சீழ் உள்ள நூறு பேரில் இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் 62 பேர்தான். மீதிப் பேர் கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். நோய் தொடங்கி அரை நாள்தான் ஆகியிருக்கலாம், சிரப்பு குடித்திருக்கலாம், கிருமியே சாதுவான கிருமியாக இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட மூட்டுவாதத்தில் சில சமயம் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டிப் போகும், கல்ச்சரில் ஒரு கிருமியும் வளராது. எனவே 30,000 என்று ரிப்போர்ட் வந்தால் "தப்பிச்சோம்" என்று அர்த்தமில்லை. மேல் சுடுகிற, கால் ஊனாத குழந்தைக்கு 30,000 என்பது எச்சரிக்கைதான்.

கிராம் சாயம் 1884-ல் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர் கண்டுபிடித்தது. இன்றைக்கும் அரை மணியில் பதில் தருவது அதுதான். ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக உருண்டைகள் தெரிந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று ஊகிக்கலாம். குழந்தைகளின் மூட்டுச் சீழுக்கு முதல் குற்றவாளி அதுவே. ஆனால் சீழ் உள்ள குழந்தைகளிலும் ஏறக்குறைய பாதிப் பேரின் ஸ்லைடில் எதுவும் தெரியாது. தெரிந்தால் நம்புங்கள், தெரியாததை வைத்து எதையும் நம்பாதீர்கள். ராத்திரியில் லேப் இல்லாத இடங்களில், சிறுநீரில் வெள்ளணு பார்க்கும் பட்டையை மூட்டு நீரில் நனைத்துப் பார்க்கும் வழக்கம் வந்திருக்கிறது, குழந்தைகளிடமும் ஆராய்ந்திருக்கிறார்கள். ரத்தம் கலந்திருந்தால் நிறம் குழம்பிவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க அது உதவும், அவ்வளவே.

இனி, நேராகக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றச் சொன்னேனே, அதன் காரணம். பல வருஷமாக மருத்துவர்களைக் குடைந்துகொண்டிருந்த ஒரு புதிர் உண்டு. ஆறு மாதத்திலிருந்து நாலு வயது வரை உள்ள குழந்தைகள் சிலருக்கு மூட்டு வீங்கும், நீர் கலங்கும், வெள்ளணு ஏறும். கல்ச்சர் தட்டில் தடவினால் ஒன்றும் வளராது. "கல்ச்சர் நெகட்டிவ்" என்று எழுதி மூடிவிடுவார்கள். இஸ்ரேலில் பெர்ஷெபா நகரத்தின் சொரோக்கா மருத்துவமனையில் பாப்லோ யாகுப்ஸ்கியும் சகாக்களும் மூட்டு நீரைத் தட்டில் மட்டும் தடவாமல் ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் ஊற்றினார்கள். 1992-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. தட்டில் தலைகாட்டாத கிருமி பாட்டிலில் வளர்ந்தது. சின்னக் குழந்தைகளின் மூட்டுச் சீழில் கணிசமான பங்கு அதனுடையது. அதன் பெயர் கிங்கெல்லா கிங்கே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பெயர் தெரியாத கிருமிகளை வகைப்படுத்துவதிலேயே ஆயுளைக் கழித்த எலிசபெத் கிங் என்ற பெண்மணியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். குழந்தைகளின் தொண்டையில் குடியிருக்கும் கிருமி அது. அது வந்த குழந்தைக்குக் காய்ச்சல் சொற்பம், சிஆர்பி நடுத்தரம், முகத்தில் விளையாட்டுக்கூட இருக்கும். கோச்சரின் நாலு கேள்விக்கும் "இல்லை" என்றே பதில் வரலாம்.

இந்தியாவில் கிங்கெல்லா அதிகம் பேசப்படுவதில்லை. இங்கே அது குறைவு என்பதாலா, நாம் பாட்டிலில் ஊற்றித் தேடாததாலா என்ற கேள்வி எனக்கு உண்டு. தேடாமல் இல்லை என்று சொல்வது ஆய்வகத்துக்கு அழகல்ல.

நம் பக்கத்து விஷயம் இரண்டு. காங்கேயம் மாடும் வெள்ளாடும் வளர்க்கிற ஊர் நம்முடையது. கறந்த சூட்டோடு பாலைக் குழந்தைக்குக் கொடுப்பது, கன்று வீசின மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பது எல்லாம் பண்ணையத்தில் சகஜம். புரூசெல்லா என்ற கிருமி அந்த வழியில் வரும். விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்பிலோ முழங்காலிலோ வீக்கம். ஆனால் வெள்ளணு அவ்வளவாக ஏறாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்து பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் மாதிரியோடு அனுப்பும் சீட்டில் எழுதிவிடுங்கள். அந்தக் கிருமி மெதுவாக வளரும் என்பது ஒரு காரணம். கல்ச்சர் தட்டைத் திறக்கிற டெக்னீசியனுக்கே அது தொற்றும் என்பது இன்னொரு காரணம். "வீட்டில் ஆடு இருக்கிறது, பச்சைப் பால் குடிக்கிறது" என்ற ஒரு வரி எங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது காசநோய். பெருந்துறை சானடோரியம் என்று சொன்னாலே போதும், உங்களுக்கு விளக்க வேண்டாம். அந்த வளாகத்தில்தான் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. காசம் நுரையீரலோடு நிற்பதில்லை. ஒரு முழங்கால் மட்டும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீங்கி, வலி குறைவாக, தொடை சூம்பிக்கொண்டு வந்தால் அதை நினைக்க வேண்டும். ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் பதில் தரும். ஆனால் மூட்டு நீரில் காசக் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். நீரில் இல்லை என்று வந்தால் உள்ளுறையில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது.

பச்சைக் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடை குறைந்து பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாயும் ஊசியுமாகக் கிடந்த குழந்தைக்குக் காய்ச்சலே வராமல் மூட்டில் சீழ் பிடிக்கும். துணி மாற்றும்போது வீறிடும். ஒரு கை அல்லது ஒரு காலை மட்டும் அசைக்காமல் போட்டுக்கொண்டிருக்கும். பக்கவாதம் என்று நினைத்துவிடுவார்கள். இந்த வயதில் எலும்பின் ரத்தக் குழாய்கள் வளர்ச்சித் தட்டைக் கடந்து ஓடுவதால் எலும்பில் தொடங்கிய கிருமி எளிதாக மூட்டுக்குள் இறங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் மட்டுமன்றி, கிளெப்சியெல்லா மாதிரி ஆஸ்பத்திரிக் கிருமிகளும், சில சமயம் கேண்டிடா என்ற பூஞ்சையும் வரும். எந்த மருந்து என்பதே மாறிவிடுவதால் இவர்களுக்குக் கல்ச்சர் உயிர்நாடி. ஒரு மூட்டில் கண்டால் மற்ற மூட்டுகளையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இடையில் ஒரு நல்ல செய்தி. ஒரு காலத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூட்டுச் சீழில் ஹீமோஃபிலஸ் பி வகைக் கிருமிக்குப் பெரிய பங்கு இருந்தது. அதற்கான மருந்து சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் நாட்டிலேயே முதலில் அரசு அட்டவணைக்குள் வந்தது. ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் உங்கள் ஊர் நர்சு போட்டுவிடுகிற அந்த ஊசிக்கு இப்படி ஒரு வேலையும் உண்டு.

மருந்துக்கடைக்காரர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. அமாக்சிசிலின் சிரப்பு இரண்டு வேளை உள்ளே போனால் மூட்டுச் சீழ் ஆறாது. கல்ச்சரில் கிருமி வளர்வது மட்டும் நின்றுபோகும். அரைகுறையாக அடிபட்ட கிருமி மூட்டுக்குள் உயிரோடு இருக்கும், என் பாட்டிலில் மட்டும் வளராது. டாக்டர் அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் காய்ச்சலோடு நொண்டுகிற குழந்தை வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். பாராசிட்டமால் கொடுத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பெயரையும் எத்தனை வேளை என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அட்டையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாலே போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குழந்தை துவண்டு, கைகால் சில்லிட்டு, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தால் மூட்டு நீருக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்தை ஏற்றிவிட வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். மூட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிருமியின் பெயர் தெரிவதால் லாபம் என்ன என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. பின்லாந்தில் ஹெய்க்கி பெல்டோலாவும் குழுவும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 நாள், இன்னொன்றுக்கு 30 நாள் மருந்து கொடுத்தார்கள். 2009-ல் வந்த முடிவு: சீக்கிரம் குணம் தெரிந்து, சிஆர்பி இறங்கிய குழந்தைகளுக்குப் பத்து நாளே போதுமாக இருந்தது. முதல் சில நாள்தான் ஊசி. மீதி வாய்வழி மருந்து. அவர்கள் தொகுத்ததெல்லாம் கல்ச்சரில் கிருமி வளர்ந்த குழந்தைகளை. பெயரும் தெரியாமல், எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் தெரியாமல் இருந்தால் எந்த டாக்டரும் பத்து நாளில் நிறுத்தத் துணிய மாட்டார். நம் ஊரில் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் வேறு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் தறி நிற்கிற நாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. கல்ச்சர் ரிப்போர்ட் ஒரே தடவையில் முடிவதில்லை. இரண்டாம் நாள் "48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை" என்று ஒரு தாள் வரும். அது இடைக்கால ரிப்போர்ட். கிங்கெல்லா மாதிரிக் கிருமிக்காகப் பாட்டிலை ஐந்து நாளாவது வைத்திருப்போம். காசத்துக்குப் போட்ட கல்ச்சர் ஆறு வாரம்கூட எடுக்கும். பெரும்பாலான குடும்பங்கள் அதற்குள் வீடு திரும்பிவிடுகின்றன. இறுதி ரிப்போர்ட் வார்டுக்குப் போகும், வார்டில் அந்தக் குழந்தை இருக்காது, தாள் கோப்பில் சேர்ந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு விஷயம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தெந்தக் கல்ச்சர் இன்னும் பாக்கி, எந்தத் தேதிக்கு மேல் யாரிடம் வந்து கேட்க வேண்டும். ஆய்வக எண் அந்தச் சீட்டில் இருந்தால் மூன்று மாதம் கழித்து வந்தாலும் நாங்கள் தேடி எடுத்துக் கொடுப்போம். இடைக்கால ரிப்போர்ட்டோடு மருந்தை நிறுத்திவிட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டுங்கள். நான் கொஞ்ச நேரம் இங்கேயேதான் இருப்பேன்.